ஃபோல்டருக்கு பூட்டு போட்டேன், கொழுந்தனார் ரெண்டே நிமிஷத்துல தொறந்துட்டார்

கேள்வி:

வணக்கம் சார். கடலூர் செம்மண்டலத்துல இருக்கேன், பேர் போட வேணாம். வீட்டுலேர்ந்தே நாலஞ்சு கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ் வேலை பாத்து குடுக்குறேன். கூட்டுக் குடும்பம், ஹால்ல ஒரே கம்ப்யூட்டர், பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10 ஹோம். கஸ்டமரோட பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதுல தான். அதோட எங்க அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புற பணம், நகைக் கடன், சீட்டுக் கணக்குன்னு ஒரு எக்ஸெல்ல எழுதி வெச்சிருக்கேன், வீட்டுக்காரருக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன். ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா என்கிரிப்ட்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, ஆனா மங்கலா இருக்கு, கிளிக்கே ஆகல. அப்புறம் யூடியூப் பாத்து நோட்பேட்ல ஏதோ கோடு ஒட்டி பேட் ஃபைலா சேவ் பண்ணேன், லாக்கர்னு ஒரு ஃபோல்டர் வந்துச்சு, பாஸ்வேர்டு கேட்டுச்சு, சந்தோஷமா இருந்தேன். போன வாரம் கொழுந்தனார் மாமியார் முன்னாடியே "என்ன அண்ணி, ஊருக்கு மாசம் ரெண்டாயிரம் போவுது போல"ன்னு சிரிக்கிறார். எப்படி தொறந்தார்னே புரியல. நெஜமாவே யாராலயும் தொறக்க முடியாத மாதிரி பாஸ்வேர்டு போட வழி இருக்கா? அதுக்கு காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்கணுமா? சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, உள்ள டக் டக்னு சத்தம் வேற, பாண்டில சர்வீஸுக்கு குடுக்கலாம்னு இருக்கோம், குடுக்குறதுக்கு முன்னாடி ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிடணுமா?

பதில்:

வணக்கம் சகோதரி. கொழுந்தனார் கதைக்கு அப்புறம் வரேன், முதல்ல அந்த டக் டக். நீங்க போற போக்குல கடைசியா எழுதிட்டீங்க, ஆனா சர்வீஸ் கடை வெச்சிருக்குற எனக்கு உங்க லெட்டர்லயே அது தான் தலைபோற விஷயமா தெரியுது. பழைய டெஸ்க்டாப்னா உள்ள ஹார்டு டிஸ்க் தான் இருக்கும், அதுல தட்டு சுத்தும், தட்டு மேல ஹெட்டுன்னு ஒண்ணு நகந்து நகந்து படிக்கும், அது படிக்க வேண்டிய எடத்தக் கண்டுபிடிக்க முடியாம திரும்பத் திரும்ப போய் வந்தா தான் இந்த டக் டக் கேக்கும். ஃபேன்ல வயர் உரசுற சத்தம் வேற மாதிரி, அது விடாம கரகரன்னு கேக்கும். அதனால பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன் (சாவி இல்லாம யாரும் படிக்க முடியாத மாதிரி ஃபைல மாத்தி எழுதுறது) எதையும் அந்த டிஸ்க்ல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. இன்னைக்கே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி கஸ்டமர் ஃபைல், எக்ஸெல், டேலி டேட்டா, குடும்ப போட்டோ எல்லாத்தையும் காப்பி பண்ணுங்க, முக்கியமானது முதல்ல. டிஸ்க்க சரி பண்ண டிஃப்ராக், செக் டிஸ்க் ஓட்டுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. காப்பி பாதில நின்னு சத்தம் ஜாஸ்தியாச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு அப்படியே எடுத்துட்டுப் போங்க, ஆன் பண்ணி ஆன் பண்ணி பாத்தா தட்டுல கீறல் விழுந்துடும், அப்புறம் டேட்டா ரிகவரி லேப் தான், அந்த பில்லுக்கு இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கிடலாம்.

ஆக டிஸ்க்க மாத்தப் போறீங்க. எஸ்எஸ்டி, அதாவது தட்டு சுத்தாத வேகமான டிஸ்க், போடச் சொல்லுங்க, பாதி ஸ்லோ அதுலயே போயிடும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திடுச்சு, அதனால உங்க மதர்போர்டு 11 எடுக்குமான்னும் அப்படியே கேட்டுக்கோங்க. கீழ நான் சொல்றது எல்லாம் அந்த புது டிஸ்க்குக்கு.

சரி, கொழுந்தனார் விஷயம். அவர் ஒண்ணும் பெரிய ஹேக்கர் இல்ல. அந்த பேட் ஃபைல் மேல ரைட் கிளிக், எடிட், அவ்ளோ தான். நோட்பேட்ல தொறக்கும், உள்ள நீங்க போட்ட பாஸ்வேர்டு அப்படியே பளிச்சுன்னு இருக்கும், ஏன்னா வீடியோல "இந்த எடத்துல உங்க பாஸ்வேர்ட டைப் பண்ணுங்க"ன்னு சொன்னப்போ நீங்களே தான் டைப் பண்ணீங்க. அந்த கோடு பண்ற வேலை என்னன்னா ஃபோல்டரோட பேர கண்ட்ரோல் பேனல் மாதிரி காட்டுற ஒரு பேரா மாத்திட்டு, ஹிட்டன், சிஸ்டம்னு ரெண்டு அடையாளத்த ஒட்டி வைக்கும். உள்ள இருக்குற ஃபைல்ல ஒரு எழுத்து கூட மாறாது. பாஸ்வேர்டு தெரியலன்னாலும் பரவால்ல, எக்ஸ்ப்ளோரர்ல மறைச்ச ஃபைல காட்டுன்னு ரெண்டு செட்டிங் மாத்தினா ஃபோல்டர் வெளிய வந்துடும். ஃபோல்டர் லாக், ஃபோல்டர் ஹைட்னு விக்கிற சாஃப்ட்வேர்லயும் நெறைய இதே வேலைய அழகா ஸ்க்ரீன் போட்டு பண்றது தான், சிலது நெஜமாவே என்கிரிப்ட் பண்ணும், ஆனா எது பண்ணுது எது பண்ணலன்னு வெளியேர்ந்து பாத்தா உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதனால காசு குடுத்து எதுவும் வாங்காதீங்க.

ஃபோல்டருக்குன்னு தனியா பாஸ்வேர்டு போடுற வசதி விண்டோஸ்ல கிடையாது, எந்த எடிஷன்லயும் கிடையாது. ஆன் பண்ணும்போது கேக்குற பாஸ்வேர்டு இருக்கே, அது பீரோவோட முன்கதவ பூட்டுற மாதிரி, ஆனா இந்த பீரோவுக்கு பின்பக்கத் தகரமே கிடையாது. எங்க கடைக்கு பூட் ஆகலன்னு சிஸ்டம் வந்தா நாங்க பாஸ்வேர்டே கேக்க மாட்டோம், டிஸ்க்க கழட்டி ஒரு கன்வெர்ட்டர்ல மாட்டி எங்க சிஸ்டத்துல சொருகுவோம், உங்க பேர்ல இருக்குற ஃபோல்டர தொட்டா "உங்களுக்கு அனுமதி இல்ல, கன்டினியூ பண்ணவா"ன்னு கேக்கும், கன்டினியூ அடிச்சா தொறந்துடும். கஸ்டமர் கொண்டு வர்றதே போட்டோவ எடுத்துக் குடுங்கன்னு தான், அதனால யாரும் இத யோசிக்கிறதில்ல, கை நீட்டி டிஸ்க்க குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

அதுக்காக லாகின் பாஸ்வேர்டு வேஸ்ட்னு சொல்லல, வீட்டுக்குள்ள அது தான் முதல் வேலை. இப்போ நீங்க எல்லாரும் ஒரே யூசர்ல தான் உக்காருறீங்கன்னு நெனக்கிறேன். செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ் போய் கொழுந்தனாருக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஒண்ணுன்னு தனித்தனி யூசர் போடுங்க, அதெல்லாம் ஸ்டாண்டர்டா இருக்கணும், உங்களுது மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர். இது ரொம்ப முக்கியம், அவரும் அட்மின்னா அதே கன்டினியூ பட்டன அவரும் அடிப்பார். ஸ்டாண்டர்டா இருந்தா பெரும்பாலான கேம் இன்ஸ்டால் பண்ணும்போது உங்க பாஸ்வேர்டு கேக்கும், அண்ணி வந்து போடுங்கன்னு கூப்புடுவார், போய் போட்டுக் குடுங்க, ஆனா பக்கத்துல நின்னு கீபோர்ட பாக்க விடாதீங்க. எழுந்து சமையக்கட்டுக்குப் போகும்போது விண்டோஸ் பட்டனும் L பட்டனும் சேத்து அழுத்துனா ஸ்க்ரீன் லாக் ஆயிடும், குக்கர் விசில் அடிச்சாலும் இத அழுத்திட்டு எழுந்துருங்க, பழகிடும்.

அந்த மங்கலான டிக் பாக்ஸுக்கு வரேன். அது இஎஃப்எஸ்னு ஒரு வசதி, ஹோம் எடிஷன்ல வேலை செய்யாது, ப்ரோல தான் செய்யும். ப்ரோ இருந்தாலும் உங்களுக்கு நான் அத சொல்ல மாட்டேன். அது தனியா பாஸ்வேர்டு கேக்காது, உங்க லாகினோட ஒட்டிக்கிட்டு இருக்கும், நீங்க லாகின் பண்ணி வெச்ச சிஸ்டத்துல யார் வந்து உக்காந்தாலும் ஃபைல் தொறக்கும், ஆனா விண்டோஸ் கெட்டுப் போய் திரும்ப போட்டீங்கன்னா அதோட சாவியான சர்டிஃபிகேட்ட முன்னாடியே எடுத்து வெச்சிருந்தா தான் உண்டு, இல்லன்னா நீங்களே தொறக்க முடியாது. திருடன் வரும்போது தொறந்து இருக்கும், நமக்கு வேணும்னா பூட்டிக்கும்.

இதுல இன்னொரு விஷயம், இது உங்களுக்கு இல்ல, புது லேப்டாப் வெச்சிருக்குற மத்தவங்களுக்கு. விண்டோஸ் 11ல 2024ல வந்த 24எச்2 வெர்ஷன்லேர்ந்து புதுசா போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணா முழு டிஸ்க்கும் தானா என்கிரிப்ட் ஆயிடுது, ஹோம்ல கூட. நல்லது தான், டிஸ்க்க கழட்டுனா எங்களால படிக்க முடியாது. ஆனா பயோஸ் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாத்தினாலோ நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், அது அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல தான் இருக்கும், அந்த அக்கவுன்ட் எந்த மெயில்ல இருக்குன்னே யாருக்கும் தெரியாது, லேப்டாப் வித்த கடைல இருந்த பையன் ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டு ஆரம்பிச்சு குடுத்திருப்பான். இன்னைக்கே லாகின் பண்ணி அந்த 48 நம்பர ஒரு பேப்பர்ல பிரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க.

இப்போ உங்க ஃபைலுக்கு. உங்ககிட்ட ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் ஒரே மருந்து வேணாம். அம்மா கணக்கு ஒரே ஒரு எக்ஸெல் தானே? அதுக்கு எக்ஸெல்லோட சொந்த பாஸ்வேர்டே போதும். ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் வொர்க்புக், அதுல என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. கீழயே ப்ரொடெக்ட் ஷீட்னு இன்னொண்ணு இருக்கும், அது பூட்டே இல்ல, கை தவறி ஃபார்முலாவ அழிச்சிடாம இருக்க வெச்சது, அதப் போட்டுட்டு பாதுகாப்பா இருக்குன்னு நம்பிட்டிருக்குற அக்கவுன்டன்ட் நெறைய பேர் இருக்காங்க. ஆபீஸ் 2016லேர்ந்து ஏஇஎஸ் 256ங்கிற பலமான முறைல என்கிரிப்ட் ஆவுது, நல்ல பாஸ்வேர்டா போட்டா ஒடைக்க முடியாது. ஆனா உங்க ஃபைல் பழைய எக்ஸ்எல்எஸ் டைப்பான்னு பாருங்க, 97-2003ன்னு போட்டிருக்கும், அந்த டைப்ல போடுற பாஸ்வேர்ட எடுக்குறதுக்கு நெட்ல டூல் கெடைக்குது. சேவ் ஆஸ் குடுத்து எக்ஸ்எல்எஸ்எக்ஸா மாத்திட்டு அப்புறம் பாஸ்வேர்டு போடுங்க, பழசத் தூக்கிடுங்க. ஃபைல் பேரும் "அம்மா பணம்"னு வைக்காதீங்க, உள்ள தொறக்க முடியலன்னாலும் ரீசன்ட் லிஸ்ட்ல பேர் தெரியும், உங்க வீட்டுல அந்த பேர் ஒண்ணே போதும் போல.

கஸ்டமர் ஃபைலுக்கு வெராகிரிப்ட்னு ஒரு என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோட யார் வேணாலும் பாக்கலாம். முன்னாடி ட்ரூகிரிப்ட்னு ஒண்ணு இருந்துச்சு, 2014 மே மாசத்துல அத எழுதுனவங்க திடீர்னு நிறுத்திட்டாங்க, அதே கோட வெச்சு 2013லயே தனியா ஆரம்பிச்சது தான் வெராகிரிப்ட், இன்னும் அப்டேட் வருது. அதோட சொந்த சைட்லேர்ந்து மட்டும் டவுன்லோடு பண்ணுங்க, கூகுள்ல மேல வர்ற விளம்பர லிங்க தொடாதீங்க. இது என்ன பண்ணும்னா டிஸ்க்ல ஒரே ஒரு பெரிய ஃபைல உண்டாக்கும், கன்டெய்னர்னு சொல்வாங்க, பாஸ்வேர்டு போட்டு மவுன்ட் பண்ணா அந்த ஃபைலே M டிரைவ், N டிரைவ்னு ஒரு புது டிரைவா மை கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும், உள்ள ஃபோல்டர் போட்டு சாதாரணமா வேலை பாக்கலாம், முடிச்சதும் டிஸ்மவுன்ட் (புது வெர்ஷன்ல அன்மவுன்ட்) குடுத்தா டிரைவ் மறைஞ்சிடும், வெளிய அர்த்தம் இல்லாத ஒரு ஃபைல் மட்டும் கெடக்கும். அந்த ஃபைல எங்க கடைக்கே கொண்டு வந்தாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

கிரியேட் வால்யூம் குடுத்தா அதுவே ஒவ்வொண்ணா கேக்கும், பெரும்பாலும் நெக்ஸ்ட் அடிச்சுட்டே போகலாம். சைஸ் கேக்குற எடத்துல மட்டும் நின்னு யோசிங்க, போட்ட சைஸ் போட்டது தான், அப்புறம் பெருசாக்குறது தலைவலி, பிடிஎஃப்பும் எக்ஸெல்லும் தான்னா 3 ஜிபி தாராளம். 4 ஜிபிக்கு மேல போனா பழைய ஃபார்மேட்ல இருக்குற பென் டிரைவ்ல காப்பி ஆகாது, அதுக்காகவும் சொல்றேன். நடுவுல மவுஸ ஆட்டச் சொல்லி ஒரு பச்சைக் கோடு நகரும், வைரஸ்னு பயந்துடாதீங்க, சாவிய யாரும் யூகிக்க முடியாத மாதிரி உண்டாக்க உங்க கை ஆட்டத்த எடுத்துக்குது, கொஞ்ச நேரம் ஆட்டுங்க. ப்ரெஃபரன்ஸ்ல இத்தனை நிமிஷம் சும்மா இருந்தா தானா டிஸ்மவுன்ட் ஆகணும்னு ஒரு செட்டிங் இருக்கு, அத போட்டு வைங்க, மவுன்ட் ஆன டிரைவ் யாருக்கும் தொறந்த வீடு தான்.

பாஸ்வேர்டு 20 எழுத்துக்கு கம்மியா இருந்தா வெராகிரிப்டே எச்சரிக்கும். உடனே நம்ம ஆளுங்க வண்டி நம்பர், போன் நம்பர், புள்ளைங்க பேர் எல்லாத்தையும் வரிசையா ஒட்டுவாங்க. கடலூர்னா டிஎன் 31ல ஆரம்பிக்கும், பாண்டின்னா பிஒய் 01, இதெல்லாம் வீட்டுல இருக்குறவங்க தான் முதல்ல போட்டுப் பாப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அஞ்சு தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிங்க, பலாக்கொட்டை தாவணி திண்ணை எலுமிச்சை சங்கிலி, இந்த மாதிரி, ஆனா நான் எழுதுனதையே போட்டுடாதீங்க. பழமொழி, பாட்டு வரி வேணாம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச வரிசை. தமிழ் கீபோர்டுல அடிக்காதீங்க, நாளைக்கு வேற சிஸ்டத்துல வேற தமிழ் கீபோர்டு இருந்தா மாட்டிப்பீங்க. அந்த பேட் ஃபைல்ல போட்ட பாஸ்வேர்ட ஜிமெயில்லயோ நெட் பேங்கிங்லயோ போட்டிருந்தீங்கன்னா இத படிச்சு முடிச்சதும் மாத்துங்க, அது இப்போ கொழுந்தனாருக்கு தெரிஞ்ச பாஸ்வேர்டு.

இன்னொரு பாஸ்வேர்டையும் நம்பாதீங்க. கஸ்டமர் அனுப்புற இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கேன்னு வெளியவே போட்டு வைக்கலாம்னு தோணும், பேரோட முதல் நாலு எழுத்து கேப்பிட்டல்ல, கூட பொறந்த வருஷம், இது ஊருக்கே தெரியும். எல்லாம் கன்டெய்னர் உள்ள தான் போகணும். அதே மாதிரி வாட்ஸ்அப் வெப்ல வர்றது டவுன்லோட்ஸ்ல விழும், அங்கேர்ந்து நகத்தாம காப்பி பண்ணீங்கன்னா ஒரிஜினல் வெளிய கெடக்கும், காப்பி இல்ல, கட். வாரம் ஒரு நாள் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூணையும் பாருங்க. ஆடிட்டருக்கு அனுப்பும்போது ஃபைல சுருக்கி பூட்டுற செவன் ஜிப் சாஃப்ட்வேர்ல பாஸ்வேர்டு போட்டு அனுப்புங்க, என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்ங்கிற டிக்கையும் போடுங்க, பாஸ்வேர்ட அதே வாட்ஸ்அப்ல அனுப்பாம போன்ல சொல்லிடுங்க.

மறந்தா என்ன ஆகும்னு நீங்க கேக்கல, நானே சொல்லிடறேன். எக்ஸெல்லுக்கும் சரி வெராகிரிப்டுக்கும் சரி, ஃபர்காட் பாஸ்வேர்டுன்னு ஒரு பட்டன் கிடையாது. ஓடிபி வராது, கம்பெனிக்கு போன் பண்ண முடியாது, எவ்ளோ வேணாலும் தரேன் எடுத்துக் குடுங்கன்னு கடைக்கு வந்து நிக்கிறவங்ககிட்ட முடியாதுன்னு சொல்றத தவிர எனக்கு வேற வழி இல்ல. அதனால பேப்பர்ல எழுதி நகை வைக்கிற எடத்துல வைங்க. எழுதவே கூடாதுன்னு சொல்வாங்க, அது ஆபீஸ்ல மானிட்டர்ல ஒட்டி வைக்கிறவங்களுக்கு, பீரோ லாக்கருக்கு இல்ல. வீட்டுக்காரருக்கு அது எங்க இருக்குன்னு தெரியட்டும்.

கன்டெய்னர் ஒரே ஃபைலுங்கிறதால கெட்டுப் போனா மொத்தமும் போயிடும், ஆனா காப்பி எடுக்குறதும் அதனாலயே சுலபம், டிஸ்மவுன்ட் பண்ணிட்டு பென் டிரைவ்ல போட்டுட வேண்டியது தான். பென் டிரைவ் தொலைஞ்சாலும் யாரும் படிக்க முடியாதுங்கிறதால அம்மா வீட்டுலயே ஒண்ணு வெச்சிடலாம். 2024ல ஃபெஞ்சல் புயல் அப்போ தென்பெண்ணைல தண்ணி வந்தப்போ கடலூர் பக்கம் எத்தன வீட்டுக்குள்ள போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, சிபியு தரைல தான் இருக்கும். ரிட்டர்ன் ஃபைல் பண்ற மாசத்துல வாரா வாரம், மத்த நாள்ல மாசம் ஒரு தடவ அந்த காப்பிய மாத்துங்க.

சர்வீஸுக்கு குடுக்க ஃபைல அழிக்கணுமான்னு கேட்டீங்க. வேணாம், அழிச்சாலும் ஹார்டு டிஸ்க்ல அது போகாது, ரெகவரி சாஃப்ட்வேர் போட்டா பெரும்பாலும் திரும்ப வந்துடும். நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், கழட்டுன பழைய டிஸ்க்க கையோட குடுத்துடுங்கன்னு. எக்ஸ்சேஞ்ச், எடைக்குப் போடுறதுன்னு எதுவும் வேணாம். புது சிஸ்டத்துல எல்லா ஃபைலும் சரியா இருக்குன்னு பாத்த அப்புறம், தெரிஞ்ச கார்பென்டர்கிட்ட குடுத்து டிஸ்க் நடுவுல தட்டு வரைக்கும் போற மாதிரி நாலு ஓட்டை போடச் சொல்லுங்க. ஃபைல் காப்பிய நீங்களே வீட்டுல எடுத்துட்டீங்கன்னா கடைக்காரர் பழைய டிஸ்க்க சொருகவே தேவையில்ல, காலி எஸ்எஸ்டில விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுத்தா போதும். லைசென்ஸ் வாங்காமயே விண்டோஸ ஓட வைக்கிற ஆக்டிவேட்டர் போட்டு ஃப்ரீயா பண்ணித் தரேன்னு சொன்னா வேணாம்னு சொல்லுங்க, அதோட என்னென்ன உள்ள வரும்னு போடுறவருக்கே தெரியாது, நீங்க அடிக்கிற பாஸ்வேர்ட பதிவு பண்ற சாமான் அதுல இருந்தா வெராகிரிப்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல. சிஸ்டம் வீட்டுக்கு வந்ததும் அக்கவுன்ட்ஸ் பக்கம் போய் டெஸ்ட், அட்மின்னு கடைல போட்ட யூசர் ஏதாவது இருக்கான்னு பாத்து எடுத்துடுங்க, எனிடெஸ்க் மாதிரி ரிமோட் சாஃப்ட்வேர் விட்டுட்டுப் போயிருந்தா அதையும் அன்இன்ஸ்டால் பண்ணுங்க, உங்க யூசருக்கு புது பாஸ்வேர்டு போடுங்க, அதுக்கப்புறம் வெராகிரிப்ட ஆரம்பிங்க.